புஸ்தகனா, சித்ரனா?

விண்ணப்பத்தில் ஐந்தாவது கட்டம்: அளவு. அகலம், உயரம், அங்குலத்தில் எழுதவும்.

நான் செய்து வைத்திருப்பது விசிறி மடிப்புப் புத்தகம். ஆறு அங்குல அகலத்தில் இருபத்திரண்டு மடிப்பு. மூடினால் கைப்பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் அடங்கிவிடும். பிரித்து நிறுத்தினால் பதினோரு அடி. இதில் எதை எழுத? போன் போட்டுக் கேட்டேன். மறுமுனையில் இருந்த பெண் நல்ல மாதிரி. "புக்னா ஐஎஸ்பிஎன் இருக்கா மேடம்? பெயின்டிங்னா ஃபிரேம் சைஸ் போடுங்க" என்றாள். ஐஎஸ்பிஎன் இல்லை, ஃபிரேமும் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டு மற்றதை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். கடைசித் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

*

பழைய நோட்டிலிருந்து. 2025 ஜனவரி 5, ஞாயிறு. பெங்களூர் குமாரகிருபா ரோட்டில் சித்திர சந்தே, 22ஆவது வருடம். இந்த முறை பெண் குழந்தைகளுக்குச் சமர்ப்பணம்.

'சந்தே' என்றால் கன்னடத்தில் சந்தைதான். கர்நாடக சித்ரகலா பரிஷத் இந்தப் பெயரை வைத்ததற்கே ஒரு கும்பிடு போடலாம். கண்காட்சி என்று வைத்திருந்தால் பாதிப்பேர் வாசலோடு திரும்பியிருப்பார்கள். சந்தை என்றதும் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். காலையிலேயே ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு பக்க நடைபாதையிலும் படங்கள் சாய்ந்து நிற்கின்றன. நூறு ரூபாய்க்கும் படம் உண்டு, லட்சத்துக்கும் உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது. கொரோனா காரணமாக 2021இல் மட்டும் இணையத்தில் நடந்தது. அந்த வருடம் நான் ஒரு படம்கூடப் பார்க்கவில்லை. சந்தையைக் கம்ப்யூட்டரில் வைத்தால் யார் போவார்கள்?

கூட்டத்தில் கவனித்தது: படத்துக்கு முன்னால் நிற்கிறவர்களைவிடப் படம் வரைகிற கைக்கு முன்னால் நிற்கிறவர்கள்தான் அதிகம். முகம் வரைந்து கொடுக்கிற பையன்களைச் சுற்றி மூன்று வரிசை. ஐந்து நிமிடத்தில் தன் மூக்கு காகிதத்தில் வருவதைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை.

முழு ரோட்டையும் நடந்ததில் கையால் செய்த புத்தகம் என்று கண்ணில் பட்டது மூன்றே மேசை. மூன்றிலும் அட்டை மட்டும் அழகு, உள்ளே வெற்றுத் தாள். புத்தகம் என்றால் எழுதுவதற்கு இடம் விட்ட நோட்டு என்றுதான் இன்னும் பொருள்.

*

குமாரகிருபா என்பது திவான் சேஷாத்ரி ஐயரின் வீடு. 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்தவர். 1927இல் உடம்பு சரியில்லாமல் ஓய்வெடுக்க வந்த காந்தி தங்கியதும் அங்கேதான். அரண்மனை ரோட்டில் தேசிய நவீன கலைக்கூடம் 2009இல் திறந்ததே, அது இருக்கும் மாளிகைக்கு மாணிக்கவேலு என்று பெயர். மாங்கனீசுச் சுரங்க முதலாளி. இந்த ஊரில் படம் பார்க்கப் போகும் வழியெல்லாம் ஒரு தமிழ்ப் பெயர் வாசலில் நிற்கிறது. வீட்டைக் கொடுத்திருக்கிறோம், அல்லது விட்டுவிட்டுப் போயிருக்கிறோம். சுவரில் எத்தனை தமிழ்ப் பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இது பெருமையும் இல்லை, புகாரும் இல்லை. கணக்கு.

*

விசிறி மடிப்பு ஜப்பானில் இருந்து வந்ததா என்று போன வாரம் ஒரு பையன் கேட்டான். யூடியூபில் அப்படிப் போட்டிருக்கிறதாம். அவனுக்கு அப்போது சொல்ல வராதது இது.

இந்த மண்ணிலேயே 'கடத' என்று ஒன்று இருந்தது. நீளமான பருத்தித் துணி. புளியங்கொட்டைப் பசையில் கரித்தூளைக் கலந்து இரண்டு பக்கமும் பூசிக் காய வைத்தால் துணி கறுப்புப் பலகை மாதிரி விறைத்துவிடும். அதை விசிறியாக மடித்து, மேலும் கீழும் மரப்பட்டையோ அட்டையோ வைத்துக் கட்டுவார்கள். பலப்பத்தால் வெள்ளையில் எழுதுவது. தப்பாகிவிட்டால் துடைக்கலாம், அழிந்த இடத்தில் மறுபடி பூசி மறுபடி எழுதலாம். கடைக்காரர்களின் கணக்கு, ஊர்க் கணக்கு எல்லாம் அதில்தான் இருந்தது. சிருங்கேரி மடத்தின் கடதங்கள் இன்றைக்கும் வரலாற்று ஆய்வாளர்களுக்குச் சாட்சி. மைசூரில் ரெசிடென்டாக இருந்த மார்க் வில்க்ஸ் 1810இல் வெளியிட்ட வரலாற்றிலேயே இதை வர்ணித்திருக்கிறார்.

எனக்கு இதில் பிடித்தது புளியங்கொட்டை. பைண்டிங் பசையில் பூச்சி வராமல் இருக்க மைதாவோடு மயில்துத்தம் போடுவார் அப்பா. நாங்கள் சின்னப் பிள்ளைகள் யாரும் அந்தப் பசையைத் தொடக் கூடாது. புளியங்கொட்டைப் பசை அந்த அளவு ஆபத்தில்லை. வறுத்து, தோல் நீக்கி, ஊற வைத்து அரைத்துக் காய்ச்சுவது. இரண்டு தரம் முயன்று பார்த்தேன். முதல் தரம் கட்டி தட்டிவிட்டது. இரண்டாம் தரம் பதம் சரி, ஆனால் கரி கூடிப்போய் மடிப்பில் உதிர்ந்தது. மூன்றாவதுக்குக் கரியைத் துணியில் சலித்து வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோர் துணியிலும் கறுப்பு.

*

ஆனந்த குமாரசுவாமியைப் பற்றி நம் ஊரில் பேசினால் நடராஜர் கட்டுரையோடு நிறுத்திவிடுகிறோம். கொழும்பில் 1877இல் பிறந்தவர், தந்தை முத்து குமாரசுவாமி. அவர் புத்தகம் எழுதினார் என்று தெரியும். அச்சடித்தார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் 1891இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். யந்திரத்தில் மலிவாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், எழுத்துருவை வரைந்து, காகிதத்தைத் தேர்ந்து, கையால் அச்சடித்தார். 1896இல் வந்த, கவிஞர் சாசரின் தொகுப்பு அதன் உச்சம். காகிதத்தில் 425 பிரதி, தோலில் 13. அது முடிந்த சில மாதத்தில் மாரிஸும் போய்விட்டார். அந்தச் சாசரை அடித்த அச்சுப்பொறி ஆஷ்பீயின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்துக்குப் போய், அங்கிருந்து குமாரசுவாமியிடம் வந்தது. பிராட் காம்ப்டன் என்ற சிற்றூரில், பழைய தேவாலயம் ஒன்றைப் புதுக்கிக் குடியிருந்த வீட்டில், அதே பொறியில், தன் 'இடைக்காலச் சிங்களக் கலை' நூலை அடித்தார். பதினைந்து மாதம் பிடித்திருக்கிறது. வெளிவந்தது 1908. அதுவும் 425 பிரதி. எண் ஒன்றாக இருப்பது தற்செயலா, மரியாதையா என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

பெங்களூருக்கு இதில் என்ன வேலை? இருக்கிறது. சகோதரி நிவேதிதை எழுதத் தொடங்கி 1911இல் இறந்துபோக, குமாரசுவாமி முடித்துக்கொடுத்த புராணக் கதைத் தொகுப்பு 1913இல் லண்டனில் வந்தது. படங்கள் அவனீந்திரநாத் தாகூரின் மேற்பார்வையில் அவருடைய மாணவர்கள் போட்டவை. நந்தலால் போஸ் உண்டு. ராமாயணப் பகுதியில் சில படங்களுக்குக் கீழே கே. வெங்கடப்பா என்ற பெயர். மைசூரிலிருந்து கல்கத்தாவுக்குப் படிக்கப் போன அதே வெங்கடப்பா. பிறகு மைசூர் திரும்பி, வீணை சேஷண்ணாவிடம் வீணை கற்று, பின்னாளில் இந்த ஊருக்கு வந்து, கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், ஊட்டி மலைகளை நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டு 1965 வரை இருந்தவர். அவர் பெயரில்தான் கஸ்தூரிபா ரோட்டில் அரசுக் கலைக்கூடம். உள்ளே போனால் ஊட்டியைப் பார்க்கிறோம், சுதைச் சிற்பங்களைப் பார்க்கிறோம். அவர் படம் முதலில் உலகம் சுற்றியது ஒரு புத்தகத்துக்குள் ஒட்டிக்கொண்டுதான் என்பதை யாரும் சொல்வதில்லை.

*

அதே கலைக்கூடத்தைத் தனியார் அறக்கட்டளை ஒன்று தத்தெடுக்கிற ஏற்பாடு வந்தபோது, 2016இல் ஓவியர்கள் வாசலில் கூடிப் பாடினார்கள், வரைந்தார்கள், நடனமாடினார்கள். குறைந்த வாடகைக்கு யார் வேண்டுமானாலும் படம் மாட்டக்கூடிய கூடம் நகரத்தில் அது ஒன்றுதானே என்பது அவர்கள் வாதம். அதே கஸ்தூரிபா ரோட்டில் 2023இல் மேப் அருங்காட்சியகம் திறந்தது. கலையும் புகைப்படமும். நல்ல கட்டடம், நல்ல விளக்கு, சினிமா போஸ்டர்களையும் கலையாக எண்ணிச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி. ஒன்று பார்க்கப் போவதற்கு, ஒன்று மாட்டப் போவதற்கு.

*

மாட்டுவது என்றதும் ஞாபகம். ஒரு தரம், பெயர் வேண்டாம், 'சர்வதேச' என்று தொடங்கும் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. தேர்வுக் கட்டணம் கட்டினேன். தேர்வாகிவிட்டது, இனிப் பங்கேற்புக் கட்டணம் என்றார்கள். அதையும் கட்டினேன். பிறகு கேட்லாக் கட்டணம். போய்ப் பார்த்தால் ஒரு ஓட்டல், என் வேலை லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில். புத்தகத்தைப் பிரிக்காமல் மூடியபடியே இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். வெளியே எடுத்தபோது பின்னட்டை கூடவே வந்தது. கழுத்தில் மெடல் போட்டு போட்டோ எடுத்தார்கள், அந்தப் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரே விதி. அழைப்பு வந்தால் முதலில் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது. என்னிடமிருந்து அவர்களுக்கு என்றால் அது வாய்ப்பு இல்லை, வியாபாரம். மேசை வாடகை வேறு. அதற்குப் பதிலாக ஒரு மேசையாவது கிடைக்கிறது.

*

இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ். 1993இல் இந்த ஊரில் தொடங்கியது, 1995லிருந்து நல்கை தருகிறார்கள். இங்கே பணம் சரியான பக்கம் போகிறது. ஆராய்ச்சிக்கு, ஆக்கத்துக்கு, ஆவணக் காப்பகங்களோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு என்று தனித்தனித் திட்டங்கள். கர்நாடகப் பள்ளி ஆசிரியர்களுக்கு 'கலி-கலிசு', கற்றுக்கொள் கற்றுக்கொடு என்று. நகரத்தின் பேட்டைகளைப் பற்றிய வேலைகளுக்கு 'புராஜெக்ட் 560' என்று பெயர் வைத்தார்கள். நம் பின்கோடின் முதல் மூன்று எண். அதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்குத் தபால்காரர் வீட்டு வாசனை இருந்திருக்க வேண்டும்.

முக்கியமான விஷயம்: விண்ணப்பத்தை இந்திய மொழிகளில் எழுதி அனுப்பலாம். இதை அல்சூரில் நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேரும் நம்பவில்லை. "எழுதினா படிக்கணுமேக்கா?" என்றான் ஒருவன். படிப்பார்கள். நம் சிக்கல் வேறு இடத்தில். ஓவியரின் கூற்று என்று ஒன்று கேட்பார்களே, ஒரு பக்கத்துக்கு? ஆங்கிலத்தில் அதற்கென்று ஒரு பாஷை தயாராக இருக்கிறது, பத்து வார்த்தையைக் கலைத்துப் போட்டால் வந்துவிடும். தமிழில் எழுத உட்கார்ந்தால் பொய் சொல்ல முடியவில்லை. "நினைவுக்கும் இடத்துக்கும் இடையிலான வெளியை விசாரிக்கிறேன்" என்று எழுதிவிட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எந்த இடத்தை விசாரிக்கிறே? பட்டா சரியா இருக்கான்னு பாரு" என்றாள். அடித்துவிட்டேன்.

இப்போது இருப்பது: 'என் அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தார். அங்கே வீணான காகிதத்தில் நான் படம் போடுவேன். இப்போதும் அதையேதான் செய்கிறேன்.' மூன்று வரி. மீதிப் பக்கத்துக்கு என்ன செய்ய?

*

அப்பா ஓட்டியது ட்ரெடில் மிஷின். காலால் மிதித்து, வலது கையால் தாளை வைத்து, இடது கையால் எடுக்க வேண்டும். தாளம் தப்பினால் விரல் போகும். அப்பாவுக்குப் பத்து விரலும் கடைசிவரை இருந்தன, அதுதான் அவருடைய பட்டம். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்று எழுத்தும் கேஸ் கேஸாக இருக்கும். கம்பாசிட்டர் தாத்தாவுக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. ஆனால் தலைகீழாக, இடம் வலம் மாறிக் கிடக்கும் கன்னட எழுத்தை விரலாலேயே அடையாளம் கண்டு கோப்பார். நேராகப் படிக்கச் சொன்னால் முழிப்பார்.

அவென்யூ ரோட்டிலும் அதை ஒட்டிய பேட்டைச் சந்துகளிலும் இன்னும் அச்சு வாடை இருக்கிறது. ஆஃப்செட் வந்ததும் ட்ரெடில் பழைய இரும்புக்குப் போயிற்று. கொஞ்சம் மிஞ்சியவை எண் போடுவதற்கும், அட்டையில் மடிப்புக் கோடு அழுத்துவதற்கும், டை கட்டிங்குக்கும் உழைக்கின்றன. இப்போது டிசைன் படித்த பிள்ளைகள் அதையே தேடிக்கொண்டு வருகிறார்கள். எழுத்து காகிதத்தில் பள்ளமாக அழுந்த வேண்டுமாம். அப்பா காலத்தில் எழுத்து பின்பக்கம் அழுந்தித் தெரிந்தால் திட்டு விழும். "வாடிக்கையாளர் தடவிப் பாக்கக் கூடாதும்மா, படிக்கணும்" என்பார். இப்போது தடவிப் பார்க்கத்தான் காசு.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைகளை இந்த ஊர் ஓவியர்கள் யாரும் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். நிறத்துக்கு ஒரு சட்டம். சட்டத்தில் வலைத்துணி, அதில் மருந்து பூசி வெளிச்சம் காட்டினால் படம் இருக்கும் இடம் மட்டும் திறந்திருக்கும். மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. அடுத்த நிறம் அதன்மேல் மயிரிழை தப்பாமல் உட்கார வேண்டும். தங்க மையில் பிள்ளையாரும் சிவப்பில் பெயர்களுமாக ஆயிரம் பத்திரிகையை ஒரே ராத்திரியில் அடித்துத் தருகிற கைகள். அந்தக் கைகளிடம் ஆறு நிற மரம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

சென்னையில் கொடுத்தார்கள். கீதா உல்ஃப் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ். அதன் கையச்சுப் புத்தகங்களை அடிக்கும் ஏஎம்எம் ஸ்கிரீன்ஸ் பட்டறையை நடத்துபவர் சி. ஆறுமுகம். மரங்களின் இரவு வாழ்க்கையைப் பற்றிய கோண்டு ஓவியங்கள், பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் போட்டவை, 2006இல் புத்தகமாயின. கறுப்புக் கைத்தாளில் ஒவ்வொரு பக்கமும் ஸ்கிரீனில் இழுத்தது. தாள் பருத்திக் கழிவில் செய்தது. ஊசி நூலில் தைத்து, பிரதிக்குப் பிரதி எண் போட்டது. 2008இல் பொலோன்யா புத்தகச் சந்தையில் பரிசு வாங்கிற்று. முதன்முதலில் பிரித்தபோது மை வாசனை. எனக்கு அப்பாவின் சட்டை ஞாபகம் வந்தது. விலையைப் பார்த்து மூடி வைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்துத்தான் வாங்கினேன்.

பஜ்ஜு ஷ்யாமின் இன்னொரு கதையும் எனக்குப் பிடிக்கும். லண்டனில் ஓர் இந்திய ஓட்டலுக்குச் சுவரில் படம் போடப் போனார். போன வேலை சுவர். திரும்பி வந்து சொன்னது புத்தகமாயிற்று, 2004இல். லண்டனின் பாதாள ரயில் மண்புழுவாகவும், பெரிய மணிக்கூண்டு சேவலாகவும் அதில் வரும். சுவருக்கு அழைத்தவர்களுக்கு ஒரு புத்தகத்துக்கும் சேர்த்துத்தான் அழைத்தோம் என்று தெரிந்திருக்காது.

*

2022 டிசம்பர் கடைசியில் அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் முதல் தமிழ்ப் புத்தகத் திருவிழா நடந்தது. பதினெட்டு வருடம் மூடிக் கிடந்து 2009இல் முகம் திறந்த வள்ளுவர் சிலை பக்கத்திலேயே. தமிழ் வாங்கச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை என்று எங்கள் பேட்டையே புத்தகப் பையோடு திரிந்தது. ஒரு ஸ்டாலில் கேட்டேன், இந்த அட்டை யார் போட்டது என்று. விற்கிற பையன் உள்ளே புரட்டினான், காணோம். "உள்ள இருக்கிற சரக்கு நல்லாருக்கும்மா" என்று உறுதி சொன்னான்.

ஆதிமூலத்தின் (1938–2008) கோட்டோவியங்களைக் கலைக்கூடத்தில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? புத்தக அட்டையிலும் பத்திரிகைத் தலைப்பிலும் அவர் எழுத்தைப் பார்க்காத தமிழ் வாசகர் குறைவு. அந்தக் கட்டை எழுத்து, பாறையில் இருந்து பெயர்த்தது மாதிரி. 1974இல் ராமகிருஷ்ணன் தொடங்கிய க்ரியா, புத்தகத்தின் தாள், ஓரம், எழுத்து, அட்டை எல்லாமே ஆசிரியரின் வாக்கியத்துக்குச் சமமான வேலை என்று காட்டிற்று. நம் வீடுகளில் ஓவியம் வந்து சேர்ந்த வழி அதுதான், காலண்டருக்கு அடுத்தபடியாக. சுவருக்கு வரவில்லை, அலமாரிக்கு வந்தது. வந்ததை ஓவியம் என்று எண்ணாமல் அட்டை என்று எண்ணிவிட்டோம்.

*

சனிக்கிழமை கப்பன் பூங்கா. 2023 ஜனவரியிலிருந்து 'கப்பன் ரீட்ஸ்' என்று புல்லில் பாயை விரித்துச் சத்தமில்லாமல் படிக்கிறார்கள். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. நான் கொண்டுபோனது என் விசிறிப் புத்தகம். பிரித்தேன், காற்று வந்தது, பதினோரு அடியும் ஓடிப்போய்ப் பக்கத்துப் பாய்க்காரரின் காலில் சுற்றிக்கொண்டது. மௌனம் கலைந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் காலில் இருந்த ஏழு மடிப்பையும் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

தேவைப்படுபவர்களுக்காக எழுதி வைக்கிறேன்: சாந்தி நகரில் சுரேஷ் ஜெயராம் 2003இல் தொடங்கிய 1 சாந்தி ரோடு. வீடுதான், ஸ்டூடியோவும் அதுதான், வெளியூர் ஓவியர்கள் தங்கி வேலை செய்யும் இடமும் அதுதான். நிகழ்ச்சி நாளில் படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் சமையலறை வரைக்கும் போய்விடுகிறார்கள். அச்சோவியம் கற்க வேண்டும் என்றால், சென்னை கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாதமியின் வட்டார மையத்தில் பட்டறை இருக்கிறது. காமிக்ஸ் பிள்ளைகளுக்கு இண்டி காமிக்ஸ் ஃபெஸ்ட். அவரவர் வரைந்து, அவரவர் ஜெராக்ஸ் போட்டு, அவரவர் விற்பது. பதிப்பாளர் என்ற பேர்வழியே அங்கே கிடையாது.

*

சின்ன இதழ்ச் சந்தை ஒன்றில் மேசை போட்டிருந்தேன். மூன்றடி மேசை, இருவருக்குப் பாதிப் பாதி. என் பாதியில் விசிறியை முழுக்கப் பிரிக்க இடமில்லை. பக்கத்துப் பாதி பத்தொன்பது வயதுப் பையன், ஒரே தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு, எட்டுப் பக்கப் புத்தகம், இருபது ரூபாய். ஹெப்பாள் டிராஃபிக்கில் நின்றுகொண்டு வரைந்ததாம். மதியத்துக்குள் அவனுடையது தீர்ந்துவிட்டது. எழுந்து போகாமல், தன் பாதி மேசையை எனக்குத் தள்ளிவிட்டு, என் புத்தகத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாயங்காலம்வரை.

மல்லேஸ்வரத்து அம்மாள் ஒருவர், கையில் கறிவேப்பிலைப் பை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தே பார்த்தார். பிறகு கேட்டார்: "இது புஸ்தகனா, சித்ரனா?"

"எரடூ" என்றேன். இரண்டும்தான்.

"ஹாகாத்ரே எரடு ரேட்டா?" அப்படியென்றால் இரண்டு விலையா என்று.

வாங்கவில்லை. ஆனால் திரும்பி வந்து ஒரு தரம் கூடப் பார்த்தார், இந்த முறை பின்பக்கம். பின்பக்கத்தில் நான் ஒன்றும் போடவில்லை. ஏன் காலி என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கடதத்தில் இரண்டு பக்கமும் எழுதுவார்கள்.

அன்று விற்றது மூன்று சின்ன நோட்டு, ஒரு அட்டை. மேசை வாடகை, ஆட்டோ, டீ போக நாற்பது ரூபாய் மிச்சம். பையன் தமிழ்தான். ஓசூர். "பசை எங்க வாங்குறீங்கக்கா?" என்று கேட்டான். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். புளியங்கொட்டை அரைக்க ஆள் வேண்டும்.

*

விண்ணப்பம். ஐந்தாவது கட்டம் நிரப்பியாயிற்று. 'மூடினால் 6 × 8. பிரித்தால் 132 × 8. நீங்கள் எப்படி வைக்கப் போகிறீர்களோ, அப்படி எழுதிக்கொள்ளவும்.' பென்சிலில் எழுதிவிட்டு மேலே பேனா ஓட்டினேன். ஐஎஸ்பிஎன் கட்டத்தில் அப்பாவின் பழைய பைண்டிங் கணக்கு நோட்டிலிருந்து ஒரு வேலை எண்ணைப் போடலாமா என்று கை துறுதுறுத்தது. போடவில்லை.

*

வேலைகள்.

பின்பக்கம்: இருபத்திரண்டு மடிப்பு, காலி. கரியா, கோடா, முடிவு பண்ண வேண்டும்.

மெழுகு தீர்ந்துவிட்டது. நூல் இருக்கிறது.

அட்டை வெட்டும்போது இழை ஓட்டம் மேலும் கீழுமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். போன தரம் கட்டிங் கடைக்காரர் குறுக்கே வெட்டிக் கொடுத்துவிட்டார், மழைக்காலத்தில் பப்படம் மாதிரி வளைந்துவிட்டது.

வியாழன் அமாவாசை, கட்டிங் கடை லீவு. புதன் சாயங்காலத்துக்குள் போய்விட வேண்டும்.